பெயரை ஒளிக்காதீர்கள்: தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உதவி ஆசிரியர்களுக்கு,

நாளிதழிலும் வார இதழிலும் செய்தித் தளங்களிலும் டெஸ்க்கில் உட்கார்ந்து, யாரோ எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு வைக்கிற உங்களுக்கு இந்த மடல். கட்டுரையின் கீழே எழுதியவர் பெயர் வரும், படம் எடுத்தவர் பெயர் வரும். தலைப்பு வைத்தவர் பெயர் எங்கும் வராது. ஆனால் அதிகம் பேர் படிப்பது உங்களுடைய அந்த ஒரு வரியைத்தான். பலர் அதை மட்டும் படிக்கிறார்கள். அதை மட்டும் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் சண்டையும் போடுகிறார்கள்.

நான் இதழ்களுக்குக் கட்டுரை எழுதுகிறவன். நான் வைத்து அனுப்பும் தலைப்பு அச்சில் மாறியிருந்தால் பெரும்பாலும் மாறியதே நன்றாக இருக்கும். ஆகவே உங்கள் உரிமையில் கைவைக்க இதை எழுதவில்லை. அந்த உரிமையை நீங்களே கைவிட்டுக்கொண்டிருக்கிறீர்களோ என்ற சந்தேகத்தில் எழுதுகிறேன்.

கைப்பேசியில் காலையிலிருந்து வந்து விழுகிற தலைப்புகள் எப்படி இருக்கின்றன? "பிரபல நடிகைக்கு இப்படி ஒரு நிலைமையா?" "இந்த ஒரு இலை போதும், சர்க்கரை நோய் ஓடிவிடும்!" "அந்த மூன்று ராசிக்காரர்கள் உஷார்!" "கடைசியில் அவர் செய்த காரியம்..." நான்கும் மாதிரிக்கு நானே செய்தவை. ஆனால் நான்கையும் எங்கோ பார்த்த நினைவு உங்களுக்கு வந்திருக்கும்.

எந்த நடிகை, எந்த இலை, எந்த ராசி, யார் அவர்? சுட்டிக்காட்ட 'இந்த', 'அந்த', 'இப்படி' எல்லாம் இருக்கின்றன. சுட்டப்படுகிற பொருள் மட்டும் இல்லை. பெயரைத் தெரிந்துகொள்ள வாசகர் உள்ளே வருவார் என்பது கணக்கு. வருகிறார்தான். ஐந்தாவது பத்தியில், இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே, அது அவர் வீட்டுக் கொல்லையில் இருக்கும் வேப்பிலை என்று தெரிந்ததும் போய்விடுகிறார். அடுத்த முறையும் வருவார். அதற்கடுத்த முறை உங்கள் தளத்தின் பெயரைப் பார்த்ததுமே விரலால் தள்ளிவிடுவார்.

நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விளம்பரதாரர் செய்யக்கூடாத வேலையை அந்த இலைத் தலைப்பு இலவசமாகச் செய்கிறது. இதை நீட்டிப் பேச விரும்பவில்லை, உங்களுக்கே தெரியும்.

இந்த ஒளித்துவைக்கும் வித்தை இணையத்தில் பிறந்ததல்ல. பெட்டிக்கடை வாசலில் கிளிப் மாட்டித் தொங்கிய செய்திப் போஸ்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 'பிரபல நடிகர் கைது' என்று தடித்த எழுத்தில் இருக்கும். யார் என்று தெரிய வேண்டுமானால் காசு கொடுத்துப் பேப்பர் வாங்க வேண்டும். மாலைப் பத்திரிகைகள் இதில் கைதேர்ந்தவை. ஆனால் அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஏமாந்தவர் கடை வாசலிலேயே நின்று பக்கத்தைப் புரட்டுவார், கடைக்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். அந்த வார்த்தை ஏஜென்ட் வழியாக மெல்ல ஆபீசுக்கும் வந்து சேரும். உங்கள் வாசகர் உங்களிடம் எதுவும் சொல்வதில்லை. திரையில் அவர் ஒரு எண்ணாக ஏறுகிறார், அவ்வளவுதான். ஏமாந்து வந்தவரும் விரும்பி வந்தவரும் அந்த எண்ணில் ஒன்றுதான்.

அதே போஸ்டர் பரம்பரையில் எடுத்துக்கொள்ள நல்லதும் இருக்கிறது. 1942-இல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டர் படித்தவர். ஆனால் பத்திரிகையில் வழக்கறிஞர் தமிழை நுழைய விடவில்லை. சந்தைக்குப் போகிறவருக்கும் புரிகிற சொல்லில், சின்னச் சின்ன வாக்கியங்களில் செய்தி எழுத வைத்தார். அன்று டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துத் தலைப்புதான் பாடநூல். கண்ணுக்கு மட்டுமல்லாமல் காதுக்கும் எழுதிய தலைப்புகள் அவை. நீங்கள் எழுதிய தலைப்பைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். "என்னது?" என்று அவர் திருப்பிக் கேட்டால் அது இன்னும் தலைப்பாகவில்லை. "அப்படியா!" என்றால் போதும்.

இனி நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். வாசகரை இழுக்கிற தலைப்பு கட்டுரைக்குள்ளேயே எங்கோ கிடக்கிறது. அதைத் தேடி எடுத்து வாசலில் வைப்பதுதான் உங்கள் வேலை. வெளியிலிருந்து ஒரு 'அதிர்ச்சி'யைக் கொண்டுவந்து ஒட்டுவது அல்ல.

தமிழில் இது பழைய வேலை. சேர மன்னர்களைப் பாடிய பதிற்றுப்பத்தை உ.வே. சாமிநாதையர் 1904-இல் பதிப்பித்தார். பத்துப் பத்துகளில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. மிச்சம் 80 பாட்டுகள். எட்டுத்தொகையின் மற்றப் பாட்டுகளுக்கு இல்லாத ஒன்று இந்த 80 பாட்டுகளுக்கும் உண்டு: தனித்தனிப் பெயர். அந்தப் பெயர் எதுவும் பாட்டுக்கு வெளியே இருந்து வந்ததில்லை. பாட்டுக்குள் வருகிற ஒரு தொடரையே தூக்கித் தலையில் வைத்திருக்கிறார்கள். 'புண்ணுமிழ் குருதி', 'நிரைய வெள்ளம்', 'துயிலின் பாயல்' இப்படி.

அதில் எனக்குப் பிடித்தது 13-ஆம் பாட்டு. சேரன் சினந்து அழித்த பகைநாட்டைப் பற்றியது. அந்நாடு முன்னால் எவ்வளவு செழிப்பாக இருந்தது, இப்போது எப்படிக் கிடக்கிறது என்று போகும். இதை இன்று நம் டெஸ்க்குக்கு அனுப்பினால் என்ன தலைப்பு வரும்? 'சேரனின் ஆவேசம்: பகைநாடு தரைமட்டம்!' என்று வரும். தொகுத்தவர் வைத்த பெயர் 'பூத்த நெய்தல்'. கரும்புப் பாத்தியில் தானாகப் பூத்து, எருமைகளை மேலே போக விடாமல் நிறுத்திய பூ அது. அழிந்த ஊரில் எதை இழந்தார்கள் என்பதை அந்த இரண்டு சொல் சொல்கிறது. பதிற்றுப்பத்தைத் தொகுத்தவர் யார் என்று தெரியவில்லை. உங்கள் சங்கத்தில் அவரைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

குறுந்தொகையில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பெயர் தெரியாமல் போன புலவருக்கு அவர் பாட்டில் வந்த தொடரையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார். தலைவன் பிரிந்துபோன பிறகு தலைவியின் நிலை என்ன என்று சொல்ல, ஆள் போய்விட்ட வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைக் காட்டினார் ஒரு புலவர். அவரைப் 'பிரிவுத் துயரப் புலவர்' என்று யாரும் அழைக்கவில்லை. துயரம் எல்லாப் பாட்டிலும் இருக்கிறது. முற்றத்து அணில் அவர் பாட்டில்தான் இருக்கிறது. தலைப்பு வைக்கிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: இந்தக் கட்டுரையில் மட்டும் இருப்பது எது?

கடல்தாண்டிப் போனாலும் கதை இதுதான். விளம்பர உலகில் டேவிட் ஓகில்வியைத் தெரியாதவர் இல்லை. 1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு அவர் வைத்த தலைப்பு இன்றும் பாடமாக இருக்கிறது. 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காரில் கேட்கிற பெரிய சத்தம் மின்கடிகாரத்தின் சத்தம்தான் என்பது அதன் சாரம். 'அற்புதம்', 'ஈடிணையற்ற', 'உலகத்தரம்' எதுவும் இல்லை. அந்த வரி ஓகில்வியின் கற்பனையும் இல்லை. ஒரு மோட்டார் இதழில் வந்த தொழில்நுட்ப மதிப்பீட்டில் கிடந்தது. காரைப் பற்றிய தாள்களை உட்கார்ந்து படித்தவருக்கு அது கிடைத்தது, படிக்காதவருக்குக் கிடைத்திருக்காது. இங்கேதான் உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஒரு ஷிஃப்டில் வரிசையாகச் செய்தி ஏற்ற வேண்டும். முழுதாகப் படிக்க நேரம் எங்கே என்பீர்கள். நேரமில்லை என்றால் மேலே இரண்டு பத்தியை விட்டுவிட்டு நடுவில் படியுங்கள். தமிழ்க் கட்டுரையாளர்கள், நான் உட்பட, முதல் இரண்டு பத்தியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்போம். சரக்கு நடுவில்தான் இருக்கும்.

"பெயரையும் விஷயத்தையும் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் யார் உள்ளே வருவார்கள்?" என்று உங்களில் ஒருவர் கேட்பது கேட்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்தது. இதற்கு 'சென்னைக்கு வந்த அந்த ஸ்பெஷல் ரயில்... உள்ளே என்ன இருந்தது தெரியுமா?' என்றும் தலைப்பு வைக்கலாம். 'ஜோலார்பேட்டையில் ரயிலேறிய குடிநீர்' என்றும் வைக்கலாம். முதலாவதில் ரயிலுக்குள் வெடிகுண்டும் இருக்கலாம், பிரியாணியும் இருக்கலாம். இரண்டாவதில் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. ஆனால் தண்ணீர் ரயிலேறி வருகிற ஊரில் நாம் இருக்கிறோம் என்ற உறைப்பு அதில்தான் இருக்கிறது. அந்த உறைப்புதான் வாசகரை உள்ளே கொண்டுவருகிறது. எத்தனை வேகன், யார் அனுப்பினார்கள், எவ்வளவு நாள் வரும் என்று அவருக்கே கேள்விகள் எழும். நீங்கள் எழுப்பத் தேவையில்லை.

இலக்கியத்திலும் இப்படித்தான். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' தினமும் எந்த வீட்டிலும் யாராவது சொல்லக்கூடிய வாக்கியம். எதையும் மறைக்கவில்லை. நாவலைப் படித்து முடித்தவர் அதற்குப் பிறகு அந்த இரண்டு சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. ஜெயகாந்தன் தினமணி கதிரில் தொடராக எழுதியபோது வைத்த பெயர் 'காலங்கள் மாறும்'. 1970-இல் நூலானபோது அது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆனது. காலங்கள் மாறும் என்பதை எந்தக் கதைக்கும் வைக்கலாம், பஞ்சாங்கத்துக்கும் வைக்கலாம். இரண்டாவது பெயரில் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிற ஒரு குரல் இருக்கிறது. அது நாவலின் நாயகி கங்காவின் கதைக்கு உரிய குரல். ஒரு படைப்பின் தலைப்பை எந்தத் திசையில் மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பொதுவிலிருந்து குறிப்புக்கு, எங்கும் பொருந்துவதிலிருந்து இங்கே மட்டும் பொருந்துவதற்கு.

அடுத்து, தமிழுக்கே உரிய ஓர் ஆபத்து. இதை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தத் தலைப்புக் கையேடும் உங்களுக்குச் சொல்லாது.

நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் கடைசியில் வருகிறது. கைப்பேசித் திரை தலைப்பைக் கடைசியில்தான் வெட்டுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்து இரவு. கலெக்டர் லீவு விட்டாரா என்று ஊரே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அனுப்புகிறீர்கள்: 'கனமழை எச்சரிக்கை: மாவட்டத்தில் உள்ள பள்ளிகளுக்கு நாளை விடுமுறை இல்லை'. அறிவிப்புப் பட்டையில் '...நாளை விடுமுறை' வரை தெரிகிறது. 'இல்லை' புள்ளிகளுக்குள் போய்விட்டது. மறுநாள் காலை பாதி வகுப்பு காலி. நீங்கள் எழுதியது உண்மை, வாசகரிடம் போய்ச் சேர்ந்தது பொய். 'பள்ளிகள் நாளை உண்டு' என்று எழுதியிருந்தால் எங்கே வெட்டினாலும் தப்பிக்கும். ராஜினாமா செய்யவில்லை, கூட்டணி இல்லை, கட்டணம் உயராது, தேர்வு தள்ளிப்போகாது எல்லாவற்றுக்கும் இதே சிகிச்சைதான்: மறுப்பை உடன்பாட்டு வாக்கியமாகத் திருப்புங்கள். 'பதவியில் நீடிக்கிறார்', 'பழைய கட்டணமே தொடரும்', 'தேர்வு குறித்த நாளில்'.

வதந்தியை மறுக்கும் செய்திகளில் இது இன்னும் மோசம். பிளாஸ்டிக் அரிசி வதந்தி 2017-இல் தென்னிந்தியா முழுக்கச் சுற்றியது. 'சந்தையில் பிளாஸ்டிக் அரிசி விற்கப்படுவதாகப் பரவும் தகவல் உண்மையா?' என்று உண்மை சரிபார்க்கும் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தால், வதந்தி முன்னாலும் சந்தேகம் பின்னாலும் நிற்கிறது. வாசகர் முன்னால் இருப்பதை எடுத்துக்கொண்டு போகிறார். 'அது அரிசிதான்: பிளாஸ்டிக் என்ற வதந்தி கிளம்பியது எப்படி?' என்று திருப்பிப் போடுங்கள். கேள்விக்குறித் தலைப்பைப் பற்றி இயன் பெட்டரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 2009-இல் எழுதியது பிரபலம். கேள்வியாக வைத்த எந்தத் தலைப்புக்கும் 'இல்லை' என்று பதில் சொல்லிவிடலாம் என்றார். கொஞ்சம் மிகைதான். 'யாருக்காக அழுதான்?' என்று ஜெயகாந்தன் வைத்ததற்கு 'இல்லை' என்று பதில் சொல்ல முடியாது. 'யார், எங்கே, எப்படி' என்ற கேள்விகள் பரவாயில்லை. 'ஆமா இல்லையா' கேள்வியைத்தான் தவிர்க்க வேண்டும். அதை எழுதும்போது பதில் தெரிந்துகொண்டே தெரியாதவர்போல நடிக்கிறீர்கள்.

ஒளித்துவைப்பதில் இன்னொரு வகை உண்டு. இது பார்வை எண்ணிக்கைக்காகச் செய்வதல்ல, பழக்கத்தில் வருவது. அதனால்தான் அதிகம் கவலைப்படுகிறேன். தமிழ்த் தலைப்பு பெயர்ச்சொல்லில் முடியப் பழகிவிட்டது: கைது, பலி, மோதல், கண்டனம், பரபரப்பு. இடம் மிச்சம், வேகம் அதிகம், எனக்கும் பிடிக்கும். ஆனால் வினையைப் பெயராக்கும்போது செய்தவர் நழுவிப்போகிறார். 'கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி 3 பேர் பலி' என்ற தலைப்பை எத்தனை முறை படித்திருப்போம். இதில் குற்றவாளி வாயு. தொட்டிக்குள் அவர்களை இறக்கியவர் யார், எந்தக் கட்டடம், எந்த ஒப்பந்தக்காரர் என்பது ஆறாவது பத்தியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சாக்கடையிலும் மலக்குழியிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சட்டம் ஆளைத் தேடுகிறது, தலைப்போ வாயுவைக் காட்டிவிட்டு ஒதுங்குகிறது. 'முகக்கவசம்கூடக் கொடுக்காமல் தொட்டிக்குள் இறக்கினார்கள்: 3 தொழிலாளர் சாவு' என்று எழுத அதிக இடம் வேண்டும்தான். நிருபர் அந்தத் தகவலைக் கொண்டுவந்திருந்தால் அந்த இடத்தைக் கொடுங்கள். கொண்டுவரவில்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள். தலைப்பு எழுத உட்காரும்போதுதான் செய்தியில் என்ன ஓட்டை என்று தெரியும். அது டெஸ்க்கின் பலம்.

'இரு தரப்பினர் மோதல்' என்பதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஒரு தெருவுக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியவர்களும், அடி வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் எப்படி இரு தரப்பு ஆனார்கள்? ஒரு பெண்ணைக் கொன்ற செய்திக்கு 'ஒருதலைக் காதல் விபரீதம்' என்று வைத்தால் கொலைக்குக் காரணம் காதலா, கொன்றவனா? தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்கக் கூடாது, தலைப்பைப் பரபரப்பாக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அங்கே மட்டும் ஒளிப்பது அறம். பெயரை ஒளிக்காதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னவன் இதைச் சொல்வது முரண் இல்லை. வாசகரைத் தவிக்க வைக்க ஒளிப்பது வேறு, ஒருவர் உயிரைக் காக்க ஒளிப்பது வேறு.

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாக. 'தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும்' என்று எங்கோ படித்த விதியை உங்கள் ஆபீசில் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அது ஆங்கிலத்துக்குச் சொன்னது. 'தலைப்பு' என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடு. லை, ப், பு ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்படும். கூகுள் தேடல் பக்கமோ எழுத்தை எண்ணுவதே இல்லை, அகலத்தைத்தான் அளக்கிறது. ணை, ஞா, ளௌ எல்லாம் ஆங்கிலத்தின் ஐ போல ஒல்லியாக இருக்காது. எண்ணிக்கொண்டிருக்காமல் ஒரு சாதாரண விலைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். எது தெரிகிறதோ அதுதான் தலைப்பு. முக்கியமான பெயர் முதல் மூன்று சொல்லுக்குள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'கண்டுபிடிக்கப்பட்டுள்ளதாகத் தகவல்' போன்ற ரயில் பெட்டித் தொடர்களை வைத்தால் ஒரே சொல் ஒரு வரி முழுக்கப் படுத்துக்கொள்ளும்.

இணைய முகவரியில் தமிழ்த் தலைப்பை அப்படியே வைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த ஏழு குறியீடும் முகவரியில் 63 எழுத்தாக விரிகிறது, விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக. பகிரும்போது அத்தை மாமாக்கள் அதை வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். முகவரி சுருக்கமாக இருக்கட்டும். தலைப்பு தமிழாக இருக்கட்டும்.

எப்படிப் பழகுவது? அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய அப்வொர்த்தி என்ற தளம், ஒவ்வொரு பதிவுக்கும் 25 தலைப்பு எழுத வைத்தது. 'அடுத்து நடந்ததை நம்ப மாட்டீர்கள்' பாணியை உலகெங்கும் பரப்பியதும் அவர்கள்தான். 2014 ஆகஸ்டில் பேஸ்புக் இந்த வகைத் தலைப்புகளைக் கீழே தள்ளப்போவதாக அறிவித்தது. அப்வொர்த்தியின் பெரிய நாள்களும் போயின. அவர்கள் பாணியை விட்டுவிடலாம். 25 எழுதுகிற வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து எல்லாருக்கும் வருகிற தலைப்பு. பத்தாவதில் அலுப்பு வரும், பதினைந்தில் கோபம் வரும், ஏதாவது வித்தியாசமாக வேண்டும் என்று கட்டுரையைத் திரும்பத் திறப்பீர்கள். அப்போதுதான் நான் மேலே சொன்ன, கட்டுரைக்குள்ளேயே கிடக்கிற அந்தத் தொடர் கண்ணில் படும். 25-க்கு நேரமில்லை என்றால் பத்து எழுதுங்கள். மூன்றோடு நிறுத்தாதீர்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள், இதை ஆசிரியரிடமும் எடுத்துச் சொல்லுங்கள். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று ஷிகாகோ ட்ரிப்யூன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். வழக்கத்தைவிட முன்கூட்டியே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. முடிவு வருவதற்குள் முடிவை எழுதிவிட்டார்கள். வென்றது ட்ரூமன். செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் அந்தப் பேப்பரை அவர் தூக்கிக்காட்டிச் சிரிக்கிற படம் இன்றைக்கும் சுற்றுகிறது. அச்சில் தப்பு நடந்தால் இப்படி ஊர் பார்க்க நிற்கும். இணையத்தில் உங்களுக்கு அந்தப் பயமில்லை. காலையில் வைத்த தலைப்பை மதியம் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், மாலையில் இன்னொரு முறை மாற்றலாம். ஆனால் காலைத் தலைப்பின் ஸ்கிரீன்ஷாட் குடும்பக் குழுக்களில் அடுத்த தேர்தல் வரை உயிரோடு இருக்கும். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு உங்கள் தளத்துக்கே வருகிறவர், அங்கே வேறொரு தலைப்பைப் பார்த்துக் குழம்புகிறார். எது பொய், குழுவில் வந்ததா, தளத்தில் இருப்பதா?

ஆகவே தலைப்பின் பொருள் மாறும்படி திருத்தினால் கட்டுரையின் கீழே ஒரு வரி சேருங்கள்: முதலில் என்ன தலைப்பு இருந்தது, எத்தனை மணிக்கு மாற்றினோம், ஏன். எழுத்துப் பிழைக்கு வேண்டாம், பொருள் பிழைக்குப் போதும். உங்கள் மென்பொருளில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்காது. தொழில்நுட்பக் குழுவிடம் கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். அதுவரை கடைசிப் பத்திக்குக் கீழே சாய்வெழுத்தில் நீங்களே போட்டுவிடலாம்.

இந்த மடலின் தலைப்பையும் உங்களில் ஒருவர் மாற்றத்தான் போகிறீர்கள். மாற்றுங்கள். 'அதிர்ச்சி' மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டெஸ்க்குக்கு அடிக்கடி கட்டுரை அனுப்புகிற ஒருவன்